காது இரைச்சலும் மூலிகை மாத்திரையும்: இரு கேள்விகளைப் பிரித்துப் பார்த்தல்

தாவரப் பொருள்கள் காது இரைச்சலைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த விடை ஒன்று உண்டு: இரைச்சலை உண்டாக்கும். சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் குவினைன் அளவு மீறினால் காதில் ரீங்காரம் எழும். 1860களில் நீலகிரியில் அரசு சின்கோனாத் தோட்டங்கள் தோன்றியதே இந்த மருந்துக்காகத்தான். வில்லோ மரப்பட்டையில் உள்ள சாலிசினுக்கு உறவான ஆஸ்பிரினும் மிகை அளவில் இதையே செய்யும். நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே வாய்வழி உட்கொள்வது செவியை எட்டாது என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் உண்டாக்கும் ஆற்றலிலிருந்து தணிக்கும் ஆற்றலை ஊகிப்பது தருக்கப் பிழை. நாள்பட்ட இரைச்சல் பெரும்பாலும் கேட்டல் இழப்போடு சேர்ந்தே வருகிறது. உட்செவியின் மயிர்ச்செல்கள் மனிதர்களில் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. குறைந்துபோன சமிக்ஞையை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதே இன்று வலுவான விளக்கம்.

இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று விற்கப்படும் ஜின்கோ பிலோபா மர இலைச்சாறு இந்த இடத்தில்தான் சோதனைக்கு உள்ளாகிறது. பர்மிங்காமிலிருந்து ட்ரூ, டேவிஸ் இருவரும் நடத்தி 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில் 1,121 பேர் கலந்துகொண்டனர். நாளொன்றுக்கு மூன்று வேளை 50 மில்லிகிராம், 12 வாரம். இரைச்சலின் தொல்லை குறைந்ததாகச் சொன்னவர்கள் ஜின்கோ உண்டோரில் 360க்கு 34 பேர். போலி மாத்திரை உண்டோரில் 360க்கு 35 பேர். மருந்துக்கடை வாடிக்கையாளரின் “எனக்குக் கேட்டது” என்ற சாட்சியம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை இந்த இரண்டாம் எண்ணே காட்டுகிறது. இரைச்சல் தானாக ஏறி இறங்குவது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மாத்திரை தேடிப் போகிறார். அடுத்து வரும் இறக்கத்தின் புகழ் மாத்திரைக்குப் போய்ச் சேர்கிறது.

அளவு போதாது, சாறு வேறு என்பது ஆதரவாளர்களின் மறுப்பு. அது ஏற்கத்தக்க மறுப்புதான். ஆயினும் 12 ஆய்வுகளையும் 1,915 பேரையும் தொகுத்த 2022ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்விலும் நம்பத்தக்க பயன் தென்படவில்லை. சான்றின் தரம் தாழ்ந்தது என்றே அது சொல்கிறது. தரம் தாழ்ந்த சான்றை ‘இன்னும் தீர்ப்பாகவில்லை’ என்று விற்பனையாளர் வாசிப்பது வசதியான வாசிப்பு. மேலும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உண்பவருக்கு ஜின்கோவால் இரத்தக்கசிவு அபாயம் கூடலாம் என்பதால் ‘பயனில்லாவிட்டால் கெடுதியுமில்லை’ என்ற சமாதானமும் நிற்காது.

உணவு பற்றிய விவாதத்தில் குழப்பம் வேறு வகை. வராமல் தடுப்பதையும் வந்ததைத் தணிப்பதையும் நாம் ஒன்றாக்கிவிடுகிறோம். காபியைப் பாருங்கள். அமெரிக்கச் செவிலியர் 65,085 பேரை 18 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், நாளுக்கு 150 மில்லிகிராமுக்கும் குறைவாகக் காஃபீன் அருந்தியவர்களைவிட 450 முதல் 599 மில்லிகிராம் வரை அருந்தியவர்களுக்கு இரைச்சல் தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. இதை வைத்து நோயாளிக்குக் காபியை மருந்தாக எழுதித் தர முடியாது. ஆனால் ‘காபியை விடுங்கள்’ என்ற வழக்கமான அறிவுரையும் ஆட்டம் காண்கிறது: பிரிஸ்டலில் ஏற்கெனவே இரைச்சல் உள்ள 66 பேரிடம் காஃபீனை விலக்கிச் சோதித்தபோது இரைச்சலின் கடுமை மாறவில்லை, விலக்கியதால் வந்த தலைவலியும் குமட்டலும்தான் மிச்சம். பழம், நார்ச்சத்து, பால்பொருள் உண்போரிடம் இரைச்சல் குறைவு என்று 2025இல் வந்த தொகுப்பாய்வையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்: நன்றாக உண்பவர் பொதுவாக வேறு வகையிலும் நலமாக வாழ்பவர்.

ஊட்டக் குறைபாடு மட்டும் தனி வழக்கு. வைட்டமின் பி12 குறைந்தால் நரம்புறை சிதையும். பால், முட்டை, இறைச்சி குறைவாக உண்ணும் இந்தியர்களிடையே இக்குறைபாடு பரவலானது. 2016இல் வெளியான இந்திய முன்னோட்ட ஆய்வு ஒன்றில், 40 நோயாளிகளில், பி12 ஊசியால் முன்னேறியவர்கள் குறைபாடு உள்ளவர்கள்தான். எண்ணிக்கை சிறிது, முடிவாகக் கொள்ள முடியாது. எனினும் ஆய்வுப் பணம் செல்ல வேண்டிய திசை இதுவே: இரைச்சல் உள்ள எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துச் சராசரி பார்ப்பதை விட்டு, முதலில் இரத்தத்தைச் சோதித்து, குறைபாடு உள்ளவர்களை மட்டும் சேர்த்து நடத்தும் சோதனை.