செய்யக்கூடியது எது?

சீர்திருத்தம் எதுவாயினும், அதைச் செப்பத் தொடங்கியவுடன் செவியில் வந்து விழும் மறுமொழி ஒன்றுண்டு. "நல்லதுதான், ஆனால் நடைமுறைக்கு ஒத்துவராதே!" என்பர். ஆங்கிலம் பயின்றோர் இதனையே எடுப்பாக, "நாட் ஃபீசிபிள்" என்று கூறி ஏட்டை மூடுவர். அந்தச் சொல் எங்கே பிறந்தது? எதைக் குறிக்கப் பிறந்தது? இதனை ஆராய்ந்தால், சொல்லின் பொருளோடு சொல்வோரின் உள்ளமும் நமக்குப் புலப்படும்.

இலத்தீன் மொழியில் 'ஃபாகெரே' என்பது செய்தலைக் குறிக்கும் வினை. பிரெஞ்சு மொழியில் அது 'ஃபேர்' எனத் தேய்ந்தது. அதினின்று, செய்யத்தக்கது எனும் பொருளில் ஓர் உரிச்சொல் கிளைத்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்ச, ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. 15-ஆம் நூற்றாண்டில் 'ஃபீசிபிள்' ஆங்கில ஏடுகளில் இடம்பெற்றது. அதன் உறவினர் யார் தெரியுமா? நிகழ்ந்த உண்மையைச் சுட்டும் 'ஃபாக்ட்', தொழிற்கூடமாம் 'ஃபாக்டரி', அருஞ்செயலாம் 'ஃபீட்' ஆகியவை! அனைத்தும் உழைக்கும் கையை நினைவூட்டும் சொற்கள்.

ஆகவே, நேரக்கூடியது வேறு, செய்யக்கூடியது வேறு. இடி விழக்கூடும், அதனைச் செய்வார் எவருமில்லை. ஏரி வெட்டக்கூடும், அதற்கு மண்வெட்டியும் மனிதரும் வேண்டும். இடியை 'ஃபீசிபிள்' என்பது பிழை. ஏரியை அவ்வாறு கூறுவதே முறை. 1926-இல் வெளிவந்த தமது ஆங்கில வழக்கு அகராதியில் ஃபௌலர் என்பார் இவ்வேறுபாட்டை வற்புறுத்தினார். தமிழில் 'கூடும்' எனும் ஒரே சொல் இரண்டையும் தாங்கி நிற்பதால், நாம் இன்னும் விழிப்போடிருத்தல் வேண்டும். செய்வோர் இருந்தால் செய்யக்கூடியதை, வானம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதாகக் காட்டுவதன்றோ ஆதிக்கக்காரர் கையாளும் தந்திரம்!

இங்கிலாந்தின் வரலாறே இதற்குச் சான்று. 1838-இல் இலண்டன் தொழிலாளர் சங்கத்தார், 'மக்கள் சாசனம்' ஒன்றை வெளியிட்டனர். அதனை வரைவதில் முன்னின்றவர் வில்லியம் லவெட் எனும் தச்சுத் தொழிலாளி. கோரிக்கைகள் ஆறு: வயதுவந்த ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை, மறைமுக வாக்கெடுப்பு, உறுப்பினராகச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினர்க்கு ஊதியம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். 1842-இல் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் பாராளுமன்றம் சென்றது. எல்லோர்க்கும் வாக்களித்தால் சொத்து பாழாகும், நாகரிகம் நாசமாகும் என மெக்காலே முழங்கினார். மன்றம் விண்ணப்பத்தைத் தள்ளியது.

தள்ளப்பட்டவை என்னவாயின? 1858-இல் சொத்துத் தகுதி ஒழிந்தது. 1872-இல் மறைமுக வாக்கெடுப்பு வந்தது. 1885-இல் தொகுதிகள் பெரிதும் சமமாக்கப்பட்டன. 1911-இல் ஊதியம் கிடைத்தது. 1918-இல் 21 வயது நிரம்பிய ஆண்கள் வாக்குரிமை பெற்றனர். ஆறில் ஐந்து, சட்டமாயிற்று! சொத்தும் பாழாகவில்லை, நாகரிகமும் நாசமாகவில்லை. "நடவாது" என்று நவின்றோரின் உள்ளத்தில் இருந்தது, "நடக்க விடோம்" என்பதே!

ஆனால் தோழர்களே, பிறரை மட்டும் குறை கூறி நாம் நிறைவடைதல் ஆகாது. அச்சாசனத்தில் பெண்கள் எங்கே? அவர்க்கும் வாக்கு வேண்டும் என்ற கருத்து, சாசனம் உருவானபோதே எழுந்தது. அது நியாயமானது, மறுக்க வாதமில்லை என்று அதனை வரைந்தோரே ஒப்பினர். எனினும், ஆடவரின் அறியாமை கிளர்ந்தெழுந்து ஆடவர் விடுதலையையே தாமதப்படுத்திவிடும் என அஞ்சி, அதனை விடுத்தனர். "நியாயந்தான், ஆனால் இப்போது நடவாது" எனும் அதே மறுமொழி, இம்முறை சீர்திருத்தக்காரர் வாயிலிருந்தே பிறந்தது! ஆணுக்கு நிகரான வாக்குரிமையை அந்நாட்டுப் பெண் பெற்றது 1928-இல். சாசனம் பிறந்து தொண்ணூறு ஆண்டுகள்!

எல்லாம் எளிதென நாம் கூறவில்லை. ஆறாவது கோரிக்கையாம் ஆண்டுத் தேர்தல் இன்றளவும் அங்கு வரவில்லை. செலவையும் சிக்கலையும் எண்ணிப் பார்ப்பது பகுத்தறிவுடையார் கடன். ஆனால், எண்ணிப் பார்த்துச் சொல்வது வேறு. எண்ணாமலே கதவடைப்பது வேறு. "இது முடியாது" என எவரேனும் கூறினால், மூன்று கேள்விகளை முன்வைப்போம்: எது தடுக்கிறது? எவர் தடுக்கிறார்? தாமதத்தின் விலையைத் தருபவர் யார்? விலை தருபவர் பிறராயின், அப்படிச் சொல்லும் நாக்கு நமதேயாயினும் ஐயுறுவோம். செய்தல் எனும் வேரில் பிறந்த சொல், செய்யாமைக்குத் திரையாகலாமோ?