தொகுப்பில் இடம்பெறாத இரு பாடல்கள்: ‘சார்ஜென்ட் பெப்பர்’ தொகுப்பும் சிங்கிள் மரபும்

1963-ல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் முதல் எல்.பி. தட்டில் 14 பாடல்கள் இருந்தன. அவற்றில் நான்கு, அதற்கு முன்பே சிங்கிள்களாக விற்பனையானவை. சிங்கிள் வெற்றி பெற்றால் அதைச் சுற்றி ஒரு தொகுப்பு எழும் என்பதே அன்றைய வணிக நடைமுறை. நான்கே ஆண்டுகளில் அதே குழு இந்த உறவை அடியோடு மாற்றியது. அந்த மாற்றம் திட்டமிட்ட புரட்சியாக வரவில்லை, ஒரு வணிக நெருக்கடியில்தான் பிறந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மாற்றத்துக்கான அறிகுறிகள் முன்பே தெரிந்தன. 1965 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் ‘ரப்பர் சோல்’ தொகுப்பும் அதில் இடம்பெறாத ஒரு சிங்கிளும் ஒன்றாக வந்தன. 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நிகழ்ச்சியோடு குழு மேடைச் சுற்றுப்பயணங்களை நிறுத்தியது. மேடையில் வாசித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் போனதும், ஒலிப்பதிவுக் கூடமே அவர்களுக்கு வாத்தியமானது.

நவம்பர் 24 அன்று அபே ரோடு கூடத்தில் ஜான் லெனனின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பதிவு தொடங்கியது. லெனனுக்கு மென்மையான ஏழாம் பதிவின் தொடக்கமும் பிடித்தது. டிரம்பெட்டும் செல்லோவும் முழங்கும் 26-ம் பதிவின் பிற்பகுதியும் பிடித்தது. இரண்டையும் இணைக்கச் சொன்னார். சுருதியும் வேறு, காலப்பிரமாணமும் வேறு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் நாடா ஓடும் வேகத்தை மாற்றி, வெட்டி ஒட்டினார்கள். பாடலின் முதல் நிமிட முடிவில் காதைத் தீட்டிக் கேட்டால் அந்த ஒட்டு பிடிபடும். அதற்குப் பின் லெனனின் குரலே சற்றுக் கனத்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டுப் பதிவுக் கலையின் மிக அழகான தையல்களில் ஒன்று இது என்பேன்.

இந்தப் பாடலும் பால் மெக்கார்ட்னியின் ‘பென்னி லேன்’ பாடலும் புதிய தொகுப்புக்காகவே உருவானவை. ஆனால் சந்தைக்கு உடனே ஒரு சிங்கிள் வேண்டும் என்ற நெருக்கடி எழ, மார்ட்டின் இரண்டையும் கொடுத்துவிட்டார். 1967 பிப்ரவரியில் வந்த அந்தத் தட்டு ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றது. முதலிடத்தை விடாமல் பிடித்திருந்தவர், 1936-ல் சென்னையில் பிறந்த எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க். சிங்கிளில் வந்த பாடலைத் தொகுப்பில் மறுபடி விற்பது ரசிகர்களை ஏமாற்றுவதாகும் என்ற கொள்கைப்படி, இரு பாடல்களும் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டன. இது தன் பெரும் தவறு என்று மார்ட்டின் பிற்காலத்தில் வருந்தினார்.

அவர் வருத்தத்தை நான் ஏற்கவில்லை. லிவர்பூல் பிள்ளைப்பருவ நினைவுகளான அந்த இரண்டும் விலகியதால்தான், கற்பனைக் குழு ஒன்றின் நிகழ்ச்சி என்ற சட்டகம் தொகுப்பில் முன்னுக்கு வந்தது. 1967 மே இறுதியில் வெளியான ‘சார்ஜென்ட் பெப்பர்’ தொகுப்பின் 13 பாடல்களில் ஒன்றுகூட அப்போது சிங்கிளாகவில்லை. அமெரிக்கப் பதிப்பும் முதன்முறையாக அதே பாடல் வரிசையோடு வந்தது; அதுவரை அங்குள்ள நிறுவனம் பாடல்களைக் குறைத்தும் சிங்கிள்களைச் சேர்த்தும் வெளியிட்டுவந்தது. அடுத்த ஆண்டு, சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை வென்ற முதல் ராக் தொகுப்பு என்ற பெயரும் கிடைத்தது.

குழு கலைந்து எட்டாண்டுகள் கழித்து, 1978-ல், அத்தொகுப்பின் முதல் இரு பாடல்களை இணைத்து நிறுவனம் ஒரு சிங்கிளை வெளியிட்டது. பிரிட்டனில் அது 63-ம் இடத்தைத் தாண்டவில்லை.