நந்தன் உறங்கிய இரவும் நாம் விழித்த இரவுகளும்

வெள்ளி விழா மலருக்கென வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதுமாறு சங்கத்தார் பணித்தபோது, முதலில் தீர்மான ஏடுகளையும் நன்கொடைப் பட்டியல்களையும் புரட்டிப் பார்த்தோம். அவற்றில் உள்ளவை யாவும் பகற்பொழுதின் செய்திகள். நம் மக்கள் கல்வி பெற்ற வரலாறோ பெரும்பகுதியும் இரவில் நடந்ததாகும். பகல் பிறருக்கு உரியதாயிருந்தது. படியாளாக இருந்தவனுக்கு நிலத்திலும், தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்றவனுக்குச் சுண்ணாம்புத் தொட்டியிலும் பகல் கழிந்தது. எஞ்சியது இரவு ஒன்றே. அவ்விரவுகளைக் குறித்தே இங்கு எழுதத் துணிந்தோம்.

ஆர்க்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள நம் திமிரியிலும் சுற்றுச் சிற்றூர்களிலும், பள்ளி ஆண்டு விழா என்றால் விடிய விடிய நடப்பது என்றே ஒரு காலத்தில் பொருள். நம்மில் அறுபதைக் கடந்தோர் அதனை நன்கறிவர். தெருக்கூத்து முன்னிரவில் தொடங்கிக் கதிரவன் எழும்போது முடிவது இந்நாட்டு வழக்கம். அவ்வழக்கத்தையே பள்ளியும் ஏற்றுக்கொண்டது. வேறொரு காரணமும் உண்டு. அயலூர்களிலிருந்து நடந்து வந்த உறவினர் இருளில் திரும்ப இயலாது. ஆகவே அவர்கள் திரும்பிச் செல்லும் வெளிச்சம் வரும்வரை நாடகத்தை நீட்டினர். பெட்ரோமாக்ஸ் விளக்கு மங்கும்போதெல்லாம் ஒருவர் எழுந்து காற்றடிப்பார். அதுவரை இராமனும் இராவணனும் அரையிருளில் காத்து நிற்பர்.

நந்தன் நாடகம் நடந்த இரவுகளே நம் நெஞ்சில் ஆழப் பதிந்தவை. சிதம்பரம் போக விடை கேட்கிறான் நந்தன். நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் பண்ணையாராகிய வேதியர். வேலி ஒன்று ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் 265 ஏக்கருக்கும் மேல். நந்தன் கலங்கி உறங்கிவிடுகிறான். பொழுது விடியும்போது இறையருளால் வேலை முடிந்து கதிர் சாய்ந்திருக்கிறது. அவ்வேதியர் வேடத்தை நம் சிறுவன் ஒருவனே ஏற்பான். பூணூலாக வெள்ளை நூலொன்றை மாட்டிக்கொண்டு அவன் அதட்டும்போது முன்வரிசைப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியோர் சிரித்ததில்லை. அவ்வதட்டலை அன்று காலையிலும் கேட்டு வந்தவர்கள் அவர்கள்.

இளைஞர்கள் இங்கு ஒன்றை அறிதல் வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் அவ்வேதியர் இல்லை. நாற்பது வேலியும் இல்லை. அங்கு வரும் ஆதனூர் நந்தனார், ஊரார் விட்ட மானிய நிலத்தில் உண்டு, கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்து வாழ்ந்தவர். தோல் தொழிலை இழிவென்பார்க்குச் சேக்கிழாரே விடை கூறுகிறார் எனலாம். பண்ணையாரைக் கதைக்குள் கொணர்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது. புராணத்தில் இல்லாததைச் சேர்த்தார் எனக் குறை கூறினோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. புராணத்தில் இல்லாத பண்ணையார் வயல்வெளியில் இருந்தார். பாரதியார் கண்டதை எழுதினார். எனினும் ஓரிடத்தில் அவரோடு நாம் மாறுபடுகிறோம். நந்தன் உறங்க, வேலை தானே முடிந்த இரவு ஒன்றும் நம் வரலாற்றில் இல்லை.

அந்நந்தன் பெயரால் சிதம்பரத்தில் பள்ளி கண்டவர் நம் அண்டையூரார் என்பதை எண்ணுந்தோறும் உவகை பெருகுகிறது. ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் முனுசாமியாகப் பிறந்து, பின்னர் துறவு பூண்டு சுவாமி சகஜானந்தர் ஆனவர் அவர். 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை அவர் நிறுவினார். சட்டமன்றத்திலும் நம் மக்களுக்காகப் பேசி 1959-இல் மறைந்தார். நந்தன் எந்த ஊரின் எல்லையில் நின்று ஏங்கினானோ, அவ்வூரிலேயே நம் பிள்ளைகள் புத்தகத்தோடு நுழையுமாறு செய்தார். நாடகங்களில் நந்தனைத் தீயில் புகுத்தியதோடு கதையை முடித்தவர்களுக்கு இது தோன்றவில்லை.

அரசும் ஒன்றும் செய்யாமலில்லை. பஞ்சமர் கல்விக்குச் சென்னை மாகாண அரசு 1893-இல் ஆணை பிறப்பித்தது. அடுத்த ஆண்டே கர்னல் ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கினார். 1920-களில் லேபர் துறையின் பள்ளிகள் சேரிகளை எட்டின. நம் முதியோர் இன்றும் 'லேபர் பள்ளி' என்றே சொல்லக் கேட்கிறோம். ஆயினும் மாடு மேய்க்கும் சிறுவன் பகலில் எப்படிப் பள்ளிக்கு வருவான்? ஆகவே இராப்பள்ளிகள் எழுந்தன. புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1855-லேயே உழவர்க்கும் தொழிலாளர்க்கும் இராப்பள்ளி நடத்தினர். நம் பகுதியில் அரிக்கேன் விளக்கொன்றும், மணல் பரப்பிய திண்ணை ஒன்றும், எட்டாவது படித்த அண்ணன் ஒருவரும் இருந்தால் பள்ளி தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டனர். அந்த முறைக் கணக்கை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர் அண்ணன் ஒருவரே அல்லவா!

பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாயில் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாழ்ந்து படித்த காலத்துச் செய்தி பலரும் அறிந்தது. மைந்தனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, தந்தை ராம்ஜி பின்னிரவு இரண்டு மணிவரை விழித்திருப்பார். பின் மைந்தனை எழுப்பிப் படிக்க அமர்த்திவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தாம் படுப்பார். 1907-இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார். அவ்வெற்றியைப் பேசும் நாம், விழித்திருந்த தந்தையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. திமிரியிலும் அத்தகைய தந்தையர் இருந்தனர். எழுத்தறியாத தாய்மார், மகன் படிக்கிறானா தூங்குகிறானா என்பதை அவன் வாய் அசைவதைக் கொண்டே கண்டனர்.

ஆண்டு விழாவுக்கு மீண்டும் வருவோம். நாடகம் முடியும் நேரத்தில் கிழக்கு வெளுத்திருக்கும். தலைமையாசிரியர் பரிசுகளை அப்பொழுதுதான் வழங்குவார். முன்னமே வழங்கினால் கூட்டம் கலைந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஒரு சிலேட்டோ, ஒரு சோப்புப் பெட்டியோ பரிசாகக் கிடைக்கும். உறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடியே தந்தை மேடையருகே சென்று, அதன் கையைப் பிடித்து நீட்டிப் பரிசைப் பெறுவார். பிறகு பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வேலைக்குப் புறப்படுவார்.