‘எக்கானமி’: ஒரு சொல்லும் அதன் தமிழ் நிகரன்களும்

1. முன்னுரை

‘எக்கானமி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக இன்று தமிழில் ‘பொருளாதாரம்’ என்பதே பெரும்பாலும் வழங்குகிறது. ஒரு நாட்டின் உற்பத்தி, வணிகம், நுகர்வு ஆகியவற்றின் தொகுதி, அத்தொகுதியை ஆராயும் துறை, தனிமனிதரின் பணநிலை ஆகிய மூன்றையும் இவ்வொரு சொல்லே சுட்டுகிறது. துறையைப் ‘பொருளியல்’ எனப் பிரித்துக் கூறும் வழக்கு உண்டெனினும் அது எங்கும் ஒரு சீராகப் பின்பற்றப்படவில்லை. ஆங்கிலச் சொல்லோ நிருவாகம், சிக்கனம், ஒழுங்கமைப்பு ஆகிய பொருள்களையும் உடையது. இவற்றுக்கெல்லாம் ஒரே நிகரனைக் கொள்ளும்போது மொழிபெயர்ப்பு எங்கே பிழைபடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகள் தமிழிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் எடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதன்மையானவை திருவனந்தபுரத்தோடு தொடர்புடையவை.

2. சொல்லின் பிறப்பு

இல்லத்தைக் குறிக்கும் ‘ஒய்க்கோஸ்’, பகிர்ந்தளித்தலையும் மேலாளுதலையும் குறிக்கும் ‘நெமெய்ன்’ ஆகிய கிரேக்கச் சொற்களின் அடியாக ‘ஒய்க்கோனோமியா’ தோன்றியது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செனபோன் இப்பெயரையொட்டி இயற்றிய நூல், வீட்டையும் விளைநிலத்தையும் பேணும் முறையைக் கூறுவது. அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் முதற்பகுதியில் இல்லத்தைப் பேணும் கலையையும் செல்வம் ஈட்டும் கலையையும் வேறுபடுத்தினார். எனவே தொடக்கத்தில் இச்சொல்லின் கரு செல்வம் அன்று. உள்ளதைப் பொறுப்புடன் ஆளுதலே.

1755இல் ரூசோ பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில் இல்லத்தின் ஆட்சியையும் அரசின் ஆட்சியையும் பிரித்துக் காட்டினார். பின்னதைக் குறிக்க ‘அரசியல்’ என்னும் அடை தேவைப்பட்டது. 1890இல் மார்ஷலின் நூல் வெளிவந்த பின்னர் அவ்வடை நீங்கித் துறைப்பெயர் தனியே நிலைபெற்றது. அளந்தறியத்தக்க ஒரு தனிப்பொருளாக, வரையறைச் சுட்டுடன் நாட்டின் ‘எக்கானமி’யைப் பேசும் வழக்கு 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில்தான் உருவாயிற்று என்பது டிமத்தி மிட்செலின் கருத்து. தமிழில் அத்தகைய சுட்டு இல்லை. ஆதலின் செயலும் தொகுதியும் ‘பொருளாதாரம்’ என்னும் ஒரே வடிவத்துள் அடங்கிவிடுகின்றன.

3. விவிலிய மொழிபெயர்ப்பின் சான்று

நிருவாகப் பொருளைத் தமிழில் சொல்ல முற்பட்டவர்களுள் விவிலிய மொழிபெயர்ப்பாளர் குறிப்பிடத்தக்கவர். லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் ‘ஒய்க்கோனோமோஸ்’ என்பவனை அவர்கள் ‘உக்கிராணக்காரன்’ என்றனர். உக்கிராணம் என்பது பண்டங்களைச் சேமிக்கும் அறை. அதே கிரேக்க அடி எபேசியர் நிருபத்தில் இறைத்திட்டத்தைக் குறிக்கும் இடத்தில் ‘நியமம்’ என்று பெயர்க்கப்பட்டது. மலையாள மொழிபெயர்ப்பு முன்னதைக் ‘காரியவிசாரகன்’ என்றும் பின்னதை ‘வியவஸ்த’ என்றும் கொண்டது.

இரு மொழியினரும் வடிவ ஒற்றுமையை விடுத்து இடத்துக்கேற்ற பொருளைத் தெரிந்துகொண்டனர். இன்றைய மலையாளத்தில் நாட்டின் ‘எக்கானமி’யைக் குறிக்கும் ‘சம்பத்வியவஸ்த’ என்னும் தொடரில் அந்த ‘வியவஸ்த’ இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. மலையாளச் சொல் செல்வத்தோடு ஒழுங்கமைப்பையும் சுட்டுகிறது. தமிழ்ச் சொல்லில் பொருளும் அதன் ஆதாரமும் உள. ஆள்வோனும் இல்லை, ஆளும் முறையும் இல்லை.

4. பொருள், அர்த்தம், வார்த்தை

‘பொருள்’ என்னும் சொல்லுக்குச் செல்வம், பண்டம், சொற்பொருள், உள்ளடக்கம் எனப் பல பொருள்கள் உண்டு. தொல்காப்பியத்தின் மூன்றாம் அதிகாரமாகிய பொருளதிகாரம் இலக்கியத்தின் உள்ளடக்கத்தைப் பேசுவது. அதற்குள்ளேயே இடம்பெறும் பொருள்வயிற் பிரிவு, செல்வம் தேடிச் செல்லும் பிரிவாகும். திருக்குறளின் பொருட்பாலில் 70 அதிகாரங்கள் உள. செல்வம் ஈட்டலை நேரே கூறும் ‘பொருள் செயல்வகை’ அவற்றுள் ஒன்றே. ஏனையவற்றுள் பெரும்பாலானவை அரசு, அமைச்சு, நாடு, படை, நட்பு முதலியவற்றைப் பற்றியன. ஆயினும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல, பகுதி முழுவதற்கும் செல்வம் என்னும் பொருளிலேயே தலைப்பிட்டன.

‘அர்த்தம்’ என்னும் வடசொல்லும் இத்தகையதே. கௌடலியர் தம் நூலின் இறுதியில் மாந்தரின் வாழ்வாதாரத்தையும் மாந்தர் வாழும் நிலத்தையும் அர்த்தம் என வரையறுத்து, அந்நிலத்தைப் பெற்றுக் காக்கும் நெறியே தம் நூல் என்கிறார். வேளாண்மை, கால்நடை, வணிகம் ஆகிய மூன்றையும் கூறும் கல்விக்கு அவர் தரும் பெயர் ‘வார்த்தா’. அச்சொல் வடிவம் தமிழில் ‘சொல்’ என்னும் பொருளிலும், மலையாளத்தில் ‘செய்தி’ என்னும் பொருளிலும் வழங்குகிறது. பிழைப்பு என்னும் பொருள் இரு மொழிகளின் பொதுவழக்கிலும் இல்லை.

அர்த்தசாஸ்திரத்தை மைசூரில் சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்தார். திருநெல்வேலிப் பகுதியினரான த. கணபதி சாஸ்திரி, ‘ஸ்ரீமூலம்’ என்னும் தம் உரையுடன் 1924–25இல் அதனைத் திருவனந்தபுரத்தில் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். அவ்வுரைக்குத் துணையாக நின்றது ‘பாஷா கௌடலீயம்’ என்னும் பழைய மலையாள உரை. 12ஆம் நூற்றாண்டையொட்டியதாகக் கருதப்படும் அவ்வுரை, மலையாள உரைநடையின் தொன்மைச் சான்றுகளுள் ஒன்று. ஆட்சியும் வாழ்வாதாரமும் ஒருங்கே பேசப்பட்ட மரபு இவ்வட்டாரத்தின் மொழிகளுக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

5. திருவிதாங்கூர் ஆவணங்களில் ‘பண்டாரம்’

‘ஒய்க்கோனோமியா’வின் மூலப்பொருளுக்கு மிக அண்மையில் நிற்கும் சொல்லைத் திருவிதாங்கூர் ஆவணங்களில் காணலாம். கலங்களை வைக்கும் அறையைக் குறித்த ‘பாண்டாகாரம்’ என்னும் வடசொல்லின் திரிபாகிய ‘பண்டாரம்’, சோழர் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீபண்டாரம்’ எனக் கோயிற் கருவூலத்தைக் குறித்தது. 1750ஆம் ஆண்டு சனவரியில் மார்த்தாண்டவர்மர் ‘திருப்படித்தானம்’ வழியாக நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கி, இறைவனின் அடியவராக ஆளத் தொடங்கினார். இதனால் கருத்தளவில் நாடே ஓர் இல்லமாயிற்று. இறைவன் அதன் தலைவன். அரசன் அவ்வில்லத்தின் காரியம் பார்ப்பவன். அரசின் ஆண்டு வரவுசெலவை முன்கூட்டி வரையறுத்த ஏடு ‘பதிவுக்கணக்கு’ எனப்பட்டது.

நிலவகைப் பெயர்களிலும் இச்சொல் இடம்பெறுகிறது. ‘பண்டாரவகை’ என்பது அரசுக்குரிய நிலம். ‘ஸ்ரீபண்டாரவகை’ என்பது பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய நிலம். இங்கு ‘வகை’ என்பது இனம் என்று பொருள்படாது. மலையாளத்தில் ‘வக’ என்பதற்குள்ள ‘உடைமை’ என்னும் பொருளையே தருகிறது. ‘ஸ்ரீ’ வெறும் மங்கல அடையும் அன்று. உரிமையாளர் யாவர் என்பதை அதுவே வேறுபடுத்துகிறது.

இவ்வேறுபாட்டின் விளைவு சட்ட வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது. திவான் மாதவராவ் காலத்தில், 1865ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் வெளியான பண்டாரவகைப் பாட்ட விளம்பரம் அரசு நிலக் குடியானவர்க்கு உடைமையுரிமை அளித்தது. ஸ்ரீபண்டாரவகை நிலங்களுக்கெனத் தனிச் சட்டங்கள் பிறந்தது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே. 1956இல் தமிழகத்துடன் இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்கு 1964இலும், கேரளத்துக்கு 1971இலும் அவை இயற்றப்பட்டன. ஓர் ஆவணத்தைப் பெயர்ப்பவர் ‘ஸ்ரீ’யை மரியாதைச் சொல்லெனக் கருதி விடுத்தால் கோயில் நிலம் அரசு நிலமாகிவிடும். ‘பண்டார’த்தைச் சைவத் துறவியரையோ அப்பெயர் கொண்ட சமூகத்தையோ குறிப்பதாகக் கொண்டால் நிலத்துக்கு மூன்றாவதாக ஓர் உரிமையாளர் தோன்றிவிடுவார். இத்தகைய பிழையின் சுமை இறுதியில் நிலத்தில் உழைப்பவர் மீதே விழும்.

6. சிக்கனமும் மொழியியலும்

‘எக்கானமி’யின் மற்றொரு பொருளாகிய சிக்கனத்துக்குத் தமிழில் ‘செட்டு’ என்னும் சொல்லும் உண்டு. ‘சிக்கனம்’ இறுக்கத்தைக் குறிக்கும் ‘சிக்கென’ என்பதனோடு தொடர்புடையது எனக் கருத இடமுண்டு. மலையாளத்தின் ‘மிதவியயம்’ செலவின் அளவைச் சுட்ட, தமிழ்ச் சொல் கைப்பிடியின் இறுக்கத்தைச் சுட்டுகிறது.

மொழியியல் நூல்களைப் பெயர்ப்போர்க்கு இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒலி மாற்றங்களைப் பற்றி மார்த்தினே 1955இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் உள்ள ‘எக்கானமி’, குறைத்தலை மட்டும் கருதுவதன்று. பயனற்ற வேறுபாடுகளை நீக்கல், தேவையான புதியனவற்றை ஏற்றல், உள்ளதை நிலைநிறுத்தல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். கருத்துப் புலப்பாட்டின் தேவைக்கும் முயற்சிச் சுருக்கத்துக்கும் இடையிலான சமநிலையே அது. இதனைச் ‘சிக்கனம்’ எனப் பெயர்த்தால் கொள்கையின் பாதியே புலப்படும். ‘பொருளாதாரம்’ எனப் பெயர்த்தால் ஒன்றுமே புலப்படாது. ‘சமன்பேணல்’ போன்றதொரு சொல் இவ்விடத்துக்குப் பொருந்தும். சாம்ஸ்கியின் பிற்காலக் கோட்பாட்டில் வரும் ‘எக்கானமி’யோ குறைந்த படிநிலைகளை வேண்டுவது, அங்குச் ‘சிக்கனம்’ முற்றிலும் தகும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் ‘எக்கானமி’ என்பது தமிழில் ஒரு சொல்லன்று, ஒரு சொற்குடும்பம் என்பது புலப்படும். நாட்டின் தொகுதிக்குப் பொருளாதாரம், துறைக்குப் பொருளியல், செலவடக்கத்துக்குச் சிக்கனம், தனியாளின் நிலைக்குப் பணநிலை, பழைய ஆவணங்களில் இல்லத்தையும் கருவூலத்தையும் ஆளுதலுக்குப் பண்டாரம், உக்கிராணம் முதலியன எனப் பகுத்துக் கொள்வது நலம். அகராதிகள் நிகரன்களை வரிசையாக அடுக்குவதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எவ்வகை நூலில் எப்பொருளில் வருமென்பதையும் காட்டுதல் வேண்டும். திருவனந்தபுரத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ள மதிலகம் ஓலைகளின் நிருவாகச் சொற்களைத் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளும் அறிந்தோர் கூடித் தொகுப்பின், அப்பணிக்கு உறுதியான அடிப்படை கிடைக்கும். செல்வத்தைக் குறிக்கும் சொல் நம்மிடம் உள்ளது. அதனைப் பொறுப்புடன் ஆளுதலைக் குறித்த சொற்களும் நம்மிடம் இருந்தன என்பதையே அவ்வோலைகள் உணர்த்துகின்றன.