மலேரியா மாத்திரை வேறு நோய்க்குப் போனால்

சிங்கப்பூரில் மலேரியா ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1982ல் அறிவித்தது. ஆனாலும் 2009 மே முதல் ஆகஸ்ட் வரை 29 பேருக்கு உள்ளூரிலேயே ‘விவாக்ஸ்’ வகை மலேரியா தொற்றியது. அப்போது தெரியவந்த மூன்று தொற்றுக் குழுமங்களில் ஒன்று, கிராஞ்சியை ஒட்டிய மண்டாய்-சுங்கை காடுட் வட்டாரம்.

மலேரியாவுக்கான மாத்திரை இங்கு பெரிய அளவில் பேசப்பட்டது 2020ல், கொவிட்-19 காலத்தில்தான். துவாஸ் சவுத் விடுதியில் 3,037 வெளிநாட்டு ஊழியர்களிடம் 42 நாள் ஆய்வு நடந்தது. வைட்டமின் சி மட்டும் எடுத்தோரில் 70 விழுக்காட்டினருக்குக் கிருமி தொற்றியது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்தோரில் 49 விழுக்காட்டினருக்கு. தொண்டையில் அடிக்கும் போவிடோன் அயோடின் மருந்தும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது (46 விழுக்காடு). அப்படியென்றால் மாத்திரைதான் வேண்டுமென்பதில்லை. மருத்துவமனையில் இருந்த நோயாளிகளுக்கு அந்த மாத்திரை பலன் தரவில்லை என்பதைப் பிரிட்டனின் ‘ரிகவரி’ ஆய்வு அதே ஆண்டு ஜூனில் காட்டிவிட்டது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின், குளோரோகுயினின் உடன்பிறப்பு. இரண்டும் ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கி மெல்லக் குறையும். அந்த நேரத்தில் மலேரியாக் கிருமி உடலில் புகுந்தால், மருந்துக்கு அடங்கும் கிருமிகள் சாகும், தாங்கக்கூடியவை பிழைக்கும். பிழைத்தவற்றைக் கொசு அடுத்தவருக்குக் கொண்டுசெல்லும். மலேரியா பரவாத விடுதியில் இதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. பரவும் ஊர்களில்தான் சிக்கல். 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் சுகாதார ஊழியர்களுக்கு இதே மாத்திரையைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது. இந்தியாவில் விவாக்ஸ் மலேரியாவுக்கு இன்றும் குளோரோகுயின்தான் முதல் மருந்து.

முன் அனுபவமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் கம்போடியாவின் பைலின் பகுதியில் மலேரியா மருந்தை உப்பில் கலந்து கொடுத்தார்கள். எல்லாருடைய உடலிலும் கொஞ்சம் கொஞ்சம் மருந்து. குளோரோகுயினுக்கு அடங்காத ‘ஃபால்சிபாரம்’ கிருமி முதலில் தலையெடுத்த இடங்களில் அந்த எல்லைப் பகுதியும் ஒன்று. மாறாக, 1993ல் குளோரோகுயினைக் கைவிட்ட மலாவியில், 2006ல் வெளியான ஆய்வின்படி அது மீண்டும் 99 விழுக்காடு பலித்தது. மருந்து இல்லாத இடத்தில், அதை எதிர்க்கும் கிருமிக்கு அந்த எதிர்ப்பே சுமை. பரவலான பயன்பாடு திரும்பினால் அந்த ஆதாயம் கரையக்கூடும்.

முடக்குவாதம், லூப்பஸ் நோயாளிகள் இதற்காக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. விவாக்ஸ் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அந்த நிலையில் குளோரோகுயின் அதைத் தொடாது, பிரிமாகுயின் போன்ற வேறு மருந்து வேண்டும். ஊருக்குப் போய் வந்து பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், பயணத்தையும் எடுத்துவரும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.