மணற்கல் கார்ஸ்ட்

மணற்கல் கார்ஸ்ட் என்பது மணற்கல் பாறைகளில் நீரின் செயலால் உருவாகும் குகைகள், அமிழ்குழிகள், நிலத்தடி ஓடைகள் முதலியவற்றைக் கொண்ட நிலவமைப்பு ஆகும். கார்ஸ்ட் என்னும் சொல் பொதுவாகச் சுண்ணக்கல் நிலங்களையே குறிக்கும். கரியமில வாயு கலந்த மழைநீரில் சுண்ணக்கல் எளிதிற் கரைகின்றது. மணற்கல்லின் முதன்மைக் கனிமமான குவார்ட்ஸ் அவ்வாறு கரைவதில்லை. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் அளவே அது கரையும். ஆயினும் மணற்கல்லிலும் நீண்ட குகைகள் காணப்படுகின்றன.

உருவாகும் முறை

மழைநீர் பாறையின் வெடிப்புகள், படிவுத் தளங்கள் வழியாக உள்ளிறங்குகின்றது. அது முதலில் மணல்மணிகளைப் பிணைத்துள்ள பொருளைக் கரைக்கின்றது. அப்பொருள் சுண்ணமாயின் விரைவாகவும், சிலிக்காவாயின் மிக மெதுவாகவும் கரையும். பிணைப்பை இழந்த பாறை தளர்ந்த மணலாகின்றது. ஓடும் நீர் அம்மணலை அரித்து வெளியேற்றும்போது குழாய் போன்ற வழிகள் தோன்றி, காலப்போக்கில் குகைகளாக விரிகின்றன. ஆகவே பாறை முழுவதும் கரையவேண்டியதில்லை. மணிகளுக்கு இடையிலுள்ள சிறு பகுதி கரைந்தாலே போதுமானது. அரிப்பின் பங்கு மிகுதியாக இருப்பதால் சிலர் இதனைப் போலிக் கார்ஸ்ட் என வகைப்படுத்துவர்.

எடுத்துக்காட்டுகள்

மேகாலயா மாநிலத்தில், உலகின் மிகுமழைப் பகுதிகளுள் ஒன்றான மௌசின்ராமை அடுத்து கிரெம் புரி குகை அமைந்துள்ளது. 2016 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இது, 2018 இல் அளக்கப்பட்டபோது சுமார் 24.5 கிலோமீட்டர் நீளம் கொண்டிருந்தது. அப்போது அளக்கப்பட்டிருந்த மணற்கல் குகைகளுள் இதுவே மிக நீளமானது. வெனிசுவேலாவின் மேசைமலைகளிலும் குவார்ட்ஸ் மிகுந்த பாறைகளில் பெருங்குகைகள் உள்ளன.

திண்டுக்கல் பகுதியுடன் ஒப்பீடு

திண்டுக்கல் சமவெளியின் அடித்தளம் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் ஆகிய படிகப் பாறைகளால் ஆனது. இவற்றிலுள்ள பெல்ட்ஸ்பார் கனிமம் சிதைந்து களிமண்ணாகின்றது. அக்களிமண் வெடிப்புகளை அடைத்துக்கொள்வதால் நீண்ட குகைகள் உருவாவது அரிது. எனினும், தளர்தல், நீக்கப்படுதல் என்னும் அதே இரு நிலைகளால் இத்தகைய பாறைக் குன்றுகளின் மேற்பரப்பில் சுனைகள் உண்டாகின்றன.

இவ்வேறுபாடு குடிநீருக்கும் பொருந்தும். கார்ஸ்ட் நிலத்தில் நீர் குகைவழிகளில் விரைந்து ஓடும். திண்டுக்கல்லில் நிலத்தடி நீர் சிதைந்த பாறை அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகின்றது. இங்குத் தோல் பதனிடும் கழிவுநீரால் கிணற்று நீர் உவர்ப்படைந்தமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. குறைந்த கொள்ளளவுடைய இத்தகைய நீர்த்தேக்கங்கள் ஒருமுறை மாசடைந்தால் தூய்மையடைய நெடுங்காலம் ஆகும்.