வண்டுப் பொம்மைகள்: வரலாறும் இயற்கை அறிவும்

வண்டுகளின் உருவத்தைக் கல், காகிதக்கூழ், பிளாஸ்டிக் முதலியவற்றில் செய்து சேர்த்து வைப்பது மிகப் பழைய வழக்கம். எகிப்தில் அது தாயத்தாக இருந்தது. ஐரோப்பாவில் பாடக் கருவியானது. ஜப்பானில் சிறுவர் விளையாட்டுப் பொருளாகப் பெருகியது. தமிழ்நாட்டிலோ நெடுங்காலம் உயிருள்ள பொன்வண்டே பொம்மையாக இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கையில் இருப்பது முதிர்ந்த வண்டு மட்டுமே. அதன் வாழ்நாளின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் கழிகிறது. வண்டைப் பற்றிய பல தவறான எண்ணங்கள் இங்கிருந்துதான் தோன்றின.

எகிப்தின் கல்வண்டுகள்

சாணத்தை உருண்டையாக்கி உருட்டிச் செல்லும் வண்டைப் பண்டைய எகிப்தியர் சூரியனை உருட்டும் கெப்ரி என்ற தெய்வத்தோடு சேர்த்து எண்ணினர். அதன் வடிவைக் கல்லிலும் மெருகிட்ட பசைக்களிமண்ணிலும் செய்து அணிந்தனர்; அடிப்பாகத்தில் பெயர் பொறித்து முத்திரையாகவும் பயன்படுத்தினர். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அமென்ஹோடெப் தன் திருமணம், சிங்க வேட்டை முதலிய செய்திகளைப் பொறித்துப் பெரிய கல்வண்டுகளை வெளியிட்டார். அவற்றுள் 200க்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன.

சாண உருண்டையிலிருந்து வண்டு தானாகவே பிறப்பதாக அன்று நம்பினர். உண்மையில் பெண் வண்டு மண்ணுக்கடியில் சாண உருண்டைக்குள் முட்டையிடுகிறது. புழு அதைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவருகிறது. இடைப்பட்ட நிலைகளைக் காணாததால் ‘தான்தோன்றி’ என்ற எண்ணம் நிலைத்தது.

பாடக் கருவியான மாதிரிகள்

19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் லூயி ஓசூ காகிதக்கூழால் உடற்கூற்று மாதிரிகள் செய்தார். மனித உடல் மாதிரிகளோடு, பலமடங்கு பெரிதாக்கிய ஒரு வண்டின் மாதிரியும் அவரது பட்டறையிலிருந்து வந்தது. அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி உள்ளுறுப்புகளைப் பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டில் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆல்பிரட் கெல்லர் என்ற சிற்பி பூச்சிகளை மிகப் பெரிதாக்கி வடித்தார். ஒரு மாதிரியைச் செய்து முடிக்க அவருக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. காலில் உள்ள நுண்மயிர் வரை அளந்து வைத்ததே காரணம்.

ஜப்பானிய அனுபவம்

காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை வரும் இயந்திரங்கள் ஜப்பானில் 1965 முதல் பரவின. இன்று அவற்றில் கால், கொம்பு, சிறகு அசையும் வண்டுப் பொம்மைகள் கிடைக்கின்றன. 2003இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘முஷிகிங்’ என்ற அட்டை விளையாட்டு, சிறுவரிடையே கொம்பு வண்டு மோகத்தை இன்னும் வளர்த்தது.

அங்கே உயிருள்ள வண்டுகளையும் கடைகளில் விற்கின்றனர். மக்கிய இலைமண்ணில் புழுவை வளர்த்து, அடுத்த கோடையில் வண்டாவதைச் சிறுவர் பார்க்கின்றனர். இதனால் முழு வாழ்க்கைச் சுற்றும் அவர்களுக்குத் தெரிகிறது. ஆனால் 1999இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபின் வெளிநாட்டு வண்டுகள் பெருமளவில் வந்தன. அவை தப்பிச் சென்று உள்நாட்டு இனங்களோடு கலந்துவிடுமோ என்ற கவலையை அறிவியலாளர் எழுப்பினர். பொம்மையால் அந்த ஆபத்து இல்லை.

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள முட்புதர்க் காடுகளிலும் ஏரிக்கரை வேலமரங்களிலும் மழைக்காலத்தில் பொன்வண்டு தேடுவது ஒரு தலைமுறைச் சிறுவரின் பொழுதுபோக்கு. தமிழ்நாட்டின் மற்ற வறண்ட பகுதிகளிலும் இதே வழக்கம் இருந்தது. பிடித்த வண்டைத் தீப்பெட்டியில் இலையோடு அடைத்துப் பள்ளிக்குக் கொண்டு வருவார்கள். காலில் நூல் கட்டிப் பறக்கவிடுவார்கள். பெட்டிக்குள் அது முட்டையிட்டால் வகுப்பே கூடிவிடும்.

அந்த முட்டைகள் வீணாகவே போயின. பொன்வண்டின் புழு மண்ணுக்குள் செடி கொடிகளின் வேரைத் தின்று வளர்வது. தீப்பெட்டியில் மண்ணும் இல்லை, வேரும் இல்லை. முதிர்ந்த வண்டு வெளியே வாழ்வது சில வாரங்கள்தான். இணைசேர்ந்து முட்டையிட வேண்டிய அந்தக் காலமும் பெட்டிக்குள் கழிந்துவிடும். பார்ப்பவருக்கு வண்டு ஒன்று. இழப்பு அடுத்த தலைமுறை. புதர்க்காடுகள் மனைகளாக மாறிவரும் இக்காலத்தில் பிடித்து அடைப்பதைக் கைவிடுவதே முறை.

பொன்வண்டின் நிறமும் ஒரு பாடம். அதன் பளபளப்புக்கு முதன்மைக் காரணம் சாயம் அன்று. மேலோட்டின் மெல்லிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம். ஆகவே இறந்தபின்னும் நிறம் நெடுங்காலம் மங்குவதில்லை. இந்தியாவில் அதன் சிறகுறைகளைத் துணியில் வைத்துத் தைத்தனர். 1888இல் இங்கிலாந்து நடிகை எலன் டெர்ரி லேடி மேக்பெத்தாக அணிந்த உடையிலும் இத்தகைய பச்சைச் சிறகுறைகள் பதிக்கப்பட்டிருந்தன. பொம்மை வண்டின் நிறமோ பூசிய சாயம், வெயிலில் வெளுத்துவிடும்.

பொம்மையைச் சோதிக்கும் முறை

திருவிழாக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பூச்சிகளில் சரியானவையும் உண்டு, தவறானவையும் உண்டு. மாணவர்கள் இவற்றைப் பார்க்கலாம்:

கால்கள் ஆறு இருக்க வேண்டும். ஆறும் மார்புப் பகுதியிலிருந்தே புறப்பட வேண்டும். வயிற்றில் ஒட்டியிருந்தால் அது பிழை.

பெரும்பாலான வண்டுகளில் முதுகின் நடுவே நேர்கோடு தெரியும். கடினமான முன்சிறகுகள் இரண்டும் சந்திக்கும் இடம் அது. பறக்க உதவும் மென்மையான பின்சிறகுகள் அவற்றின் அடியில் மடிந்திருக்கும். முன்சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படிந்திருந்தால் அது வண்டு அன்று, நாவாய்ப்பூச்சி வகையாக இருக்கலாம்.

தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருக்க வேண்டும். காண்டாமிருக வண்டின் தலையில் எழும் ஒற்றைக் கொம்பு வேறு. அது ஆணுக்கு நீண்டும் பெண்ணுக்குக் குட்டையாகவும் இருக்கும்.

பொம்மையிலிருந்து தோப்புக்கு

காண்டாமிருக வண்டுப் பொம்மையை வைத்திருக்கும் மாணவர் அருகிலுள்ள தென்னந்தோப்புக்குச் செல்லலாம். விசிறி போல் வெட்டுப்பட்ட ஓலை தெரிந்தால், வண்டு குருத்தைத் துளைத்திருக்கிறது என்று பொருள். ஆனால் அதன் பருத்த வெண்புழு மரத்தில் இருக்காது. எருக்குழியிலும் மக்கிய தென்னந்தடியிலும் இருக்கும். அதனால்தான் எருக்குழியைக் கிளறிப் புழுக்களை அகற்றும்படி வேளாண் துறையினர் சொல்கின்றனர். மரத்தைக் காக்கக் குப்பைமேட்டைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொம்மை மட்டும் சொல்லித் தராது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறத்தாழ 4 லட்சம். அவற்றின் வகைகளை நேரில் காண, கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகம் உள்ளது. அங்கு செல்ல இயலாதவர்கள் ஏரிக் களிமண்ணில் முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய மூன்றையும் செய்து, கடையில் வாங்கிய வண்டின் அருகே வரிசையாக வைக்கலாம். எந்தக் கடையிலும் எளிதில் கிடைக்காத அந்த மூன்றும் சேர்ந்தால்தான் சேகரிப்பு முழுமை பெறும்.